கல்லூரி நடத்திய வளைகாப்பு

பள்ளிக்கூடத்து ஹாலில் சந்தன வாசனையும் டெட்டால் வாசனையும் சேர்ந்து அடித்தன. ஒரு மேசையில் தாம்பாளம் தாம்பாளமாகக் கண்ணாடி வளையல். அடுத்த மேசையில் என் மாணவிகள் ஊசியும் பஞ்சும் வைத்துக்கொண்டு பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கத் தயாராக நின்றார்கள். நடுவில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் கர்ப்பிணிப் பெண்கள். கழுத்தில் மாலை, கன்னத்தில் சந்தனம். முதலில் யார் சிரிப்பது என்று தெரியாமல் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எப்படி மேடம்?" என்று என் காதருகே வந்து கேட்டார் பச்சமுத்து சார். "கேம்ப்புன்னா இது கேம்ப்பு!"

பச்சமுத்து சார் தருமபுரியில் ஒரு கலைக் கல்லூரிக்கு முதல்வர். நான் அப்போது ஒரு நர்ஸிங் கல்லூரிக்கு முதல்வர். கம்பைநல்லூர்ப் பக்கம் வேலங்கொட்டாய் என்ற சின்ன ஊரை எங்கள் இரண்டு கல்லூரிகளும் சேர்ந்து தத்து எடுத்திருந்தன. தத்து எடுப்பது என்றால் ஊர் எல்லையில் ஒரு போர்டு வைப்பது என்றுதான் பல பேர் நினைப்பு. பொய் சொல்வானேன், நாங்களும் முதலில் போர்டுதான் வைத்தோம்.

ஆனால் போர்டோடு விட்டுவிட எங்கள் இரண்டு பேருக்கும் மனசு வரவில்லை. அவருக்கு ஊர்க்காரர்கள் நாலு எழுத்து படிக்க வேண்டும், தொழில் கற்க வேண்டும். எனக்கு அந்த ஊர்ப் பெண்கள் பிரசவத்தில் சாகக் கூடாது. அவ்வளவுதான் எங்கள் திட்டம். அதைத்தான் இங்கிலீஷில் இருபது பக்கத்துக்கு எழுதிப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினோம்.

பிஸ்கட்டுக்கு வந்த கூட்டம்

வளைகாப்புக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

முதல் முகாமுக்கு டாக்டர் வந்தார், மருந்து வந்தது, பந்தல் வந்தது. ஊர்தான் வரவில்லை. தக்காளி பறிக்கிற சீசன். பெண்களெல்லாம் விடியும் முன்னே தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். பறித்துக் கூடையில் கட்டி, பாலக்கோடு மண்டிக்கு வண்டி ஏற்றி விட்டு அவர்கள் வீடு திரும்பும்போது நாங்கள் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தோம். வந்தவர்கள் பிஸ்கட்டுக்கு வந்த சின்னப் பிள்ளைகளும், பல் வலிக்கு மாத்திரை கேட்டு வந்த இரண்டு தாத்தாக்களும்தான்.

அடுத்த முகாமை ஞாயிற்றுக்கிழமை வைத்தோம். அன்றைக்கு ஊரில் கிடா வெட்டு. டாக்டருக்கு வாழை இலை போட்டுக் கறிச் சோறு போட்டார்களே தவிர, ஒரு பெண்கூடக் கையை நீட்டி ரத்தம் கொடுக்கவில்லை. "நல்ல நாளும் அதுவுமா ரத்தத்தை எடுக்கறாங்களாம்" என்று ஒரு அம்மா முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டுப் போனார். ஆடு மட்டும் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருக்குமோ.

அன்றைக்குக் காரில் திரும்பும்போதுதான் பச்சமுத்து சார் அந்த யோசனையைச் சொன்னார்.

"மேடம், பொம்பளைங்க ஆஸ்பத்திரின்னா வர மாட்டாங்க. விசேஷம்னா வருவாங்க. நாம ஒரு விசேஷம் வைப்போம். வளைகாப்பு."

"நாம காலேஜா, கல்யாண மண்டபமா சார்?"

"வந்தாத்தானே ரத்தம் எடுக்க முடியும்? வராட்டி யார்கிட்ட எடுப்பீங்க? என்கிட்டயா?"

சரி என்றேன். 

பச்சமுத்து சார் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. சால்வை போடாமல் ஒரு கூட்டத்தையும் முடிக்காத மனிதர். அசல் கல்யாணப் பத்திரிகை மாதிரியே பத்திரிகை அடித்தார். நாலு மூலைக்கும் மஞ்சள் தடவினார். கர்ப்பிணிப் பெண்களின் பெயர்களை வரிசையாகப் போட்டு, கணவன் வீடு, அம்மா வீடு இரண்டு பக்கத்துக்கும் மாணவர்களை அனுப்பி, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு அழைக்கச் சொன்னார்.

நான் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். எங்கள் பக்கத்தில் வளையல் போட்டாலும் ஜெபம் சொல்லித்தான் போடுவார்கள். ஆனாலும் அந்தப் பத்திரிகையைப் பார்த்ததும் எனக்கே போக வேண்டும் போல ஆசையாக இருந்தது. சும்மா சொல்லக் கூடாது, அழகாக அடித்திருந்தார்.

வாசலில் நின்ற அம்மா

அன்றைக்கு ஹால் நிரம்பி வழிந்தது. அதில் ஓரமாக உட்கார்ந்திருந்தவள் மஞ்சுளா. ஏழு மாதம். முதல் பிள்ளை. மாநிறம், குழி விழுகிற கன்னம், பேச்சில் கொஞ்சம் கன்னட வாடை. மற்றப் பெண்களுக்குப் பின்னால் அவரவர் அம்மா, அத்தை, சித்தி என்று ஒரு கூட்டமே நின்றது. இவளுக்குப் பின்னால் மாமியார் மட்டும்.

"இவங்கம்மா வரலையா?" என்று விசாரித்தேன்.

மாமியார் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வர மாட்டாங்க மேடம். எம் பையன் குமரேசனும் இவளும் ஓசூர் கம்பெனில ஒண்ணா வேல பாத்தவங்க. அவங்களா பண்ணிக்கிட்ட கல்யாணம். அதுலேர்ந்து அந்தம்மா இந்தப் பக்கமே தல வெச்சுப் படுக்கல."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, வாசலில் ஒரு அம்மா வந்து நின்றார். கறுத்து ஒல்லியான உடம்பு. ஒரு கையில் துணிக்கடைப் பை, இன்னொரு கையில் எங்கள் பத்திரிகை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வரலாமா வேண்டாமா என்று நின்றார். மஞ்சுளா நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான். மாலையோடு எழுந்து ஓடினாள்.

அம்மாவும் மகளும் கட்டிக்கொண்டு அழுதார்கள். பார்த்த பெண்களெல்லாம் அழுதார்கள். என் மாணவிகள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு அழுதார்கள். திரும்பிப் பார்த்தால் பச்சமுத்து சார் கர்ச்சீப்பை நனைத்துக்கொண்டிருக்கிறார்.

"பாத்தீங்களா மேடம்! இதுதான் மக்கள் நல்வாழ்வு!"

"மொதல்ல மூக்கத் தொடைங்க சார்" என்றேன். என் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை.

அந்த அம்மாவின் பெயர் மாதம்மா. மகளின் இரண்டு கைக்கும் முழங்கை வரைக்கும் வளையல் அடுக்கினார். சம்பந்தியம்மாவைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. வாசலோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்ற மருமகன் குமரேசனைச் சுவரைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

புளிசாதம், லெமன் சாதம், தயிர்ச் சாதம் என்று எல்லாருக்கும் பந்தி. எல்லாப் பெண்களிடமும் ரத்தம் எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்தாயிற்று. இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு முகாம் நாங்கள் நடத்தியதே இல்லை. வேனில் வரும்போது மாணவிகள் பாட்டுப் பாடினார்கள். நானும் கை தட்டினேன்.

சாயங்காலம் வந்த போன்

வீட்டுக்கு வந்து முகம் கழுவி டீ போட்டுக் கையில் எடுத்தேன். எங்கள் கல்லூரி லேபிலிருந்து போன்.

"மேடம், ஒரு சாம்பிள்ல ஹீமோகுளோபின் நாலுதான் காட்டுது. மெஷின் தப்போன்னு மறுபடியும் போட்டுப் பாத்துட்டேன். நாலேதான்."

"யாரு?"

"மஞ்சுளா. கணவர் பேர் குமரேசன்."

டீயை அப்படியே வைத்துவிட்டேன். படிக்கிறவர்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். பிள்ளை சுமக்கிறவளுக்கு ரத்தத்தில் இந்த அளவு பதினொன்றாவது இருக்க வேண்டும். ஏழுக்குக் கீழே போனாலே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். நாலு என்றால் இதயம் இருக்கிற கொஞ்ச ரத்தத்தை வைத்துக்கொண்டு இரண்டு உயிருக்கும் ஓடி ஓடிக் களைத்துக் கிடக்கிறது என்று அர்த்தம். அது எந்த நேரத்திலும் நின்று போகலாம். பிரசவ வலி வந்துவிட்டால், மற்றப் பெண்களுக்கு ஒன்றும் செய்யாத அளவு ரத்தம் போனாலும் இவள் பிழைக்க மாட்டாள். 

வேலங்கொட்டாய் கிராம நர்சுக்குப் போன் போட்டு, இப்போதே அவள் வீட்டுக்குப் போ என்றேன். பத்து நிமிஷத்தில் நர்ஸ் போனை மஞ்சுளாவின் மாமியார் கையில் கொடுத்துவிட்டாள்.

"அவ இங்க இல்லீங்களே மேடம். அவங்கம்மா கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க."

"எதுக்குக் கூட்டிக்கிட்டுப் போனாங்க?"

"என்னங்க மேடம் இப்படிக் கேக்கறீங்க? நீங்கதானே வளையல் போட்டீங்க! தலப்பிரசவம், வளையலும் போட்டாச்சு. அம்மா வூட்டுக்குப் போகாம பின்ன இங்க வெச்சுக்குவாங்களா?"



எனக்கு இந்த வழக்கம் தெரியாதா? நன்றாகத் தெரியும். என் வளையலோடு நானே அம்மா வீட்டுக்குப் போனவள்தான். ஆனால் முகாமில் போட்ட வளையல் முகாமோடு சரி என்று எங்கள் நினைப்பு. அங்கன்வாடியில் நடத்துகிற வளைகாப்புக்குப் போன பெண்கள் சாயங்காலம் புருஷன் வீட்டுக்குத்தானே திரும்புகிறார்கள் என்று நினைத்தோம். அங்கே அம்மா வீட்டுக்குத் தாம்பாளத்தில் பத்திரிகை போகாதே! நாங்கள் இரண்டு வீட்டாரையும் மஞ்சள் தடவி அழைத்து, மாலை போட்டு, சந்தனம் பூசி, பந்தியும் வைத்துவிட்டோம். இதற்கு மேல் ஒரு வளைகாப்புக்கு என்ன வேண்டும்?

மஞ்சுளா மட்டுமா? தலைப்பிரசவக்காரிகள் அத்தனை பேரும் வளையல் குலுங்கக் குலுங்க அன்றைக்கே கிளம்பிவிட்டார்கள். ஒருத்தி அரூர், ஒருத்தி ஊத்தங்கரை, ஒருத்தி திருவண்ணாமலைப் பக்கம். கர்ப்பிணிகளை ஒரே இடத்தில் சேர்த்து வைத்து வைத்தியம் பார்க்கப் போன நாங்கள், எங்கள் கையாலேயே நாலா பக்கமும் வழியனுப்பி வைத்திருக்கிறோம். படித்த மூளையே மூளை!

பச்சமுத்து சாருக்குப் போன் போட்டுக் கத்தினேன். இந்தத் தொடரைப் படிக்கிற என் பழைய மாணவி ஒருத்தி, "மேடம், உங்க கோபத்தப் பத்தி ஒரு வாரம் எழுதுங்க" என்று கேட்டிருந்தாள். இதோ எழுதிவிட்டேன், போதுமா?

முழுதும் கேட்டுவிட்டு, பக்கத்தில் யாரிடமோ பேசிவிட்டு அவர் மெதுவாகச் சொன்னார். "வீட்டம்மாகிட்டக் கேட்டேன் மேடம். 'ஆமா, பின்ன அனுப்பாம? பிரின்ஸ்பாலுக்கு இதுகூடத் தெரியலையா'ன்னு சிரிக்கறா." பிறகு கேட்டார். "அந்தப் பொண்ணு பொழச்சுக்குமா?"

"கூட்டிக்கிட்டு வந்துட்டாப் பொழச்சுக்குவா."

"அப்ப வாங்க, போலாம்."

போக முடியவில்லை. மாதம்மாவின் ஊர் பாலக்கோட்டையும் தாண்டி, கர்நாடக எல்லையோரம் மலை மேல் இருக்கிறது. இருட்டிவிட்டால் அந்தக் காட்டு ரோட்டில் யானை நடமாட்டம். வண்டி விட மாட்டார்கள். அந்தப் பக்கத்து சுகாதார நிலையத்திலும் விடிந்ததும் ஆள் அனுப்புகிறோம் என்றுதான் சொல்ல முடிந்தது. மஞ்சுளாவின் போன் கிடைக்கவே இல்லை. குமரேசனைப் பிடித்தேன்.

"அங்க டவர் இல்லீங்க மேடம். நான் அந்த ஊருக்குப் போனதே இல்ல. என்னங்க மேடம் ஆச்சு அவளுக்கு?" என்றவன் நான் பதில் சொல்வதற்குள் அழுதுவிட்டான்.

"அழாத. காலையில தருமபுரி பெரியாஸ்பத்திரிக்கு வந்து நில்லு" என்றேன். கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன் என்று நம்பித்தான் சொன்னேன். அன்று ராத்திரி ஜெபம் பண்ண உட்கார்ந்தால் ஒரு வரி ஓடவில்லை.

எந்த மாதம்மா?

விடிந்ததும் கல்லூரி வேனில் நாங்கள் இரண்டு பேரும் கிளம்பினோம். பாலக்கோட்டில் தக்காளி வண்டிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. ஒவ்வொரு நிமிஷமும் எனக்கு ஒரு யுகம். பச்சமுத்து சாரோ, "அந்த ஊர்ல என் ஸ்டூடண்ட் ஒருத்தன் இருக்கான், பாத்துக்கலாம்" என்று தைரியம் சொல்லிக்கொண்டே வந்தார்.

"சார், இந்த மாவட்டத்துல பாதிப் பேர் உங்க ஸ்டூடண்ட். மீதிப் பேர் உங்க ஸ்டூடண்டோட மாமனார். பேசாம வாங்க."

மலை ஏறியதும் காற்று சில்லென்று அடித்தது. கேழ்வரகுக் கொல்லைகள், நடுநடுவே பலா மரம். ஒரு இடத்தில் ரோடு முடிந்து மண் பாதை ஆரம்பித்தது. இறங்கி நடந்தோம். பத்திரிகை கொண்டுவந்த மாணவர்கள் ஊர் எல்லையில் யாரிடமோ கொடுத்துவிட்டுப் போனவர்கள், வீடு அவர்களுக்கும் தெரியாது. குடம் சுமந்து வந்த ஒரு பெண்ணிடம் மாதம்மா வீடு எது என்று கேட்டேன்.

"எந்த மாதம்மா?"

அந்த ஊரில் வீட்டுக்கு ஒரு மாதம்மா இருக்கிறார். மாதம்மா இல்லாத வீட்டில் மாதேஷ் இருக்கிறார். எல்லாம் அவர்கள் கும்பிடுகிற சாமியின் பெயர். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அப்போது டீக்கடைக்குள்ளிருந்து, "சார்! பி.ஏ. ஹிஸ்டரி சார்! மாதேஷ் சார்!" என்று ஒருவர் கரண்டியோடு ஓடி வந்தார். பச்சமுத்து சார் என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

மாதேஷ் எங்களை நேராக அந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். உயிரோடு இருக்க வேண்டுமே என்று நான் மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே நடந்தேன்.

இருந்தாள். வாசலில் வெயில் காய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். கையில் உடைந்த மண் சட்டியின் ஓட்டுத் துண்டு ஒன்று. அதைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தாள். ரத்தம் இல்லாத உடம்பு அப்படித்தான் மண்ணைக் கேட்கும். எங்களைப் பார்த்ததும் ஓட்டை முந்தானையில் மறைத்துவிட்டு, "வாங்க மேடம்" என்று சிரித்தாள். எழுந்திருப்பதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது.

பேடாம்மா, பேடா

மாதம்மா முதலில் நன்றாகத்தான் பேசினார். பாய் போட்டு, மோர் கொடுத்தார். மஞ்சுளாவைத் தருமபுரிக்குக் கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறோம் என்று சொன்னதுதான் தாமதம், முகம் மாறிவிட்டது.

"பேடாம்மா, பேடா" என்றார். வேண்டாம் என்பதைக் கன்னடத்தில் இரண்டு முறை சொல்லிவிட்டுத் தமிழுக்கு வந்தார். "எம் பொண்ணு நேத்துத்தான் எங்கிட்ட வந்திருக்கா. அவங்க வூட்ல சொல்லி அனுப்பினாங்களா? ரத்தம் கித்தம்னு சொல்லித் திருப்பிக் கூட்டிக்கப் பாக்கறாங்களா?"

"அவங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. ஒடம்புல ரத்தம் இல்ல. ரத்தம் ஏத்தணும்."

"புள்ளத்தாச்சின்னா சோகையாத்தான் இருப்பா. நான் மூணு பெத்தேன், எனக்கு யார் ஏத்துனாங்க? வளையல் போட்டு இட்டாந்த பொண்ண வெறுங்கையோட திருப்பி அனுப்புனா ஊர்ல என்ன பேசுவாங்க?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "ஊரு பேசறது முக்கியமா, பொண்ணு முக்கியமா?" என்று கத்தினேன். அவரும் விடவில்லை. "பொண்ணு முக்கியம்னுதானே எட்டு மல தாண்டிப் போய் இட்டாந்தேன்!" என்று என்னைவிடப் பெரிதாகக் கத்தினார். அக்கம்பக்கத்து மாதம்மாக்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். மஞ்சுளா சுவரில் சாய்ந்துகொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் உதடு வெளுத்திருந்ததைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பதறியது.

கத்தி ஆகப்போவது ஒன்றும் இல்லை. முப்பது வருஷம் வகுப்பெடுத்தவள் நான். சொன்னால் புரியாததைக் காட்டத்தான் வேண்டும். திரும்பிப் பார்த்தேன். பச்சமுத்து சார் இரண்டாவது டம்ளர் மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், இங்க வாங்க. குனிங்க."

"எதுக்கு மேடம்?"

"குனிங்கன்னா குனிங்க."

குனிந்தார். ஒரு கல்லூரி முதல்வரின் கண்ணின் கீழ் இமையைப் பிடித்து இழுத்து, ஊரே பார்க்கும்படிக் காட்டினேன். உள்ளே செக்கச் செவேல் என்று இருந்தது.

"எல்லாரும் பாருங்க. இது வேள தவறாம சாப்பிடற மனுஷனோட கண்ணு. எப்படிச் செவந்திருக்கு?"

பெண்கள் சிரித்தார்கள். "மேடம், வலிக்குது" என்றார் அவர். "கொஞ்சம் பொறுங்க சார், சமூக சேவை" என்றேன். ஒரு மாதம்மா இன்னொரு மாதம்மாவின் இமையை இழுத்துப் பார்த்தார். அங்கும் சிவப்பு.

"இப்ப உங்க பொண்ணுத நீங்களே பாருங்க. நான் தொட மாட்டேன்."

மாதம்மா மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு, அவள் இமையை மெதுவாகக் கீழே இழுத்தார். சிவப்பு இல்லை. ரோஸ்கூட இல்லை. வெறும் வெள்ளைக் காகிதம். மாதம்மா அடுத்த கண்ணையும் பார்த்தார். 

"இப்படியே வுட்டா?" என்று கேட்டார். 

"வலி வந்தா தாங்க மாட்டாம்மா" என்றேன். அதைவிட மென்மையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அவர் மகள் கையிலிருந்த வளையலைச் சரிசெய்துகொண்டே கேட்டார். "அந்த ஆசுபத்திரி அவங்க வூட்டுப் பக்கமா?"

"இல்ல. டவுன்ல இருக்கு. எங்க காலேஜுக்குக் கிட்ட. அவங்க வீட்டுக்கு நான் அனுப்ப மாட்டேன்."

மாதம்மா எழுந்து உள்ளே போனார். பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. கோபித்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். ஒரு கோணிப் பையோடு வெளியே வந்தார். அதில் அலுமினியச் சட்டி, ராகி மாவு, இரண்டு புடவை, ஒரு கம்பளி. வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டுக்காரி கையில் கொடுத்தார். கோழிகளுக்கு யார் தீனி போடுவது என்றும் சொல்லிவிட்டார். ஊரைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார்.

"எம் பொண்ணு அம்மா வூட்டுக்கு வந்தவதான். நான் எங்க இருக்கறனோ அதுதான் அவளுக்கு அம்மா வூடு. யாராவது ஏதாவது பேசறதுன்னா இப்பவே பேசிக்கோங்க!"

 எனக்கு அந்த அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கட்டிப்பிடித்தும் விட்டேன். மாதேஷ் டீக்கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, நாலு பேரைச் சேர்த்து மஞ்சுளாவை நாற்காலியில் வைத்து வேன் வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தார்.

வார்டு வாசலில்

ரத்தத்தை அவசரப்பட்டு ஏற்ற முடியாது. பலவீனமான இதயம், வேகமாக ஏற்றினால் நின்றுவிடும். சொட்டுச் சொட்டாக, நாள் விட்டு நாள் ஏற்றினார்கள். முதல் பாட்டில் ஏறி முடிகிற வரைக்கும் எனக்குப் போன மூச்சு திரும்பி வரவில்லை.

பச்சமுத்து சார் தன் கல்லூரிப் பிள்ளைகளை ரத்தம் கொடுக்க வரிசையில் நிறுத்தினார். தானும் கொடுப்பேன் என்று வயதைக் குறைத்துச் சொல்லி மாட்டிக்கொண்டார். ரத்த வங்கிப் பெண் அவருடைய பழைய மாணவியாம். "சார், நான் படிக்கும்போதே உங்களுக்கு முடி நரைச்சிருச்சே" என்று அனுப்பிவிட்டாள்.

நாலா பக்கமும் போன மற்றப் பெண்களையும் அவருடைய மாணவர்களே தேடிப் பிடித்தார்கள். அவளவள் அம்மா ஊர் நர்சுக்கு விவரம் சொல்லி ஒப்படைத்தோம். அன்றிலிருந்து எங்கள் முகாம்களில் முதல் கேள்வியே "பிரசவத்துக்கு எந்த ஊர் போவீங்க?" என்பதுதான். மாமியார் ஊர் நர்சும் அம்மா ஊர் நர்சும் இப்போது போனில் பேசிக்கொள்கிறார்கள், சம்பந்திகள் பேசாவிட்டாலும். வளைகாப்பை நாங்கள் நிறுத்தவில்லை. நிறுத்துவானேன்? அம்மா வீட்டுக்காரர்களையும் உட்கார வைத்துப் பேச அதைவிட நல்ல இடம் கிடையாது.

மாதம்மா வார்டு வராந்தாவில் குடித்தனமே நடத்தினார். வெளியே மர நிழலில் ராகிக் களி கிண்டி, கீரை கடைந்து, மகளுக்கு வாயில் ஊட்டினார். வராந்தாவின் அந்தக் கோடியில் குமரேசன். ரத்தம் கொடுத்தவர்களில் முதல் ஆள் அவன்தான். ஓசூர் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அங்கேயே கிடந்தான். மாதம்மா இந்தக் கோடி, அவன் அந்தக் கோடி. "மாத்திர வாங்கிட்டு வரச் சொல்லுங்க" என்று அவர் என்னிடம் சொல்வார். "வாங்கிட்டேன்னு சொல்லுங்க" என்று அவனும் என்னிடமே சொல்வான். இரண்டு பேருக்கும் காது நன்றாகக் கேட்கிற தூரம்தான். நான் நடுவில் ஒரு ஸ்பீக்கர்.

மஞ்சுளாவின் உதட்டில் மெல்ல மெல்ல நிறம் ஏறியது. ஒரு நாள் அவள் குளியலறை வரைக்கும் மூச்சு வாங்காமல் நடந்து போனாள் என்று மாணவி வந்து சொன்னபோது எனக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆனாலும் பிரசவம் என்கிற ஒன்று பாக்கி இருந்ததே. அதை நினைத்தால் பால் மறுபடி திரிந்துவிடும்.

மாதம் நிறைந்து ஒரு நாள் காலையில் வலி வந்தது. நான் கல்லூரிக்குப் போகாமல் பிரசவ அறை வாசலிலேயே உட்கார்ந்தேன். பச்சமுத்து சார் தன் ஆபீஸிலிருந்து அரை மணிக்கு ஒரு தரம் போன் போட்டார். வாயாடி மனிதருக்கு "என்ன மேடம்?" என்பதற்கு மேல் அன்றைக்குப் பேச்சு வரவில்லை. மாதம்மா சாமி பெயரை முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். குமரேசன் சுவரோரம் நின்றான். அவனை உட்காரச் சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை.

மத்தியான வெயில் வராந்தாவில் பாதி வரைக்கும் வந்துவிட்டது. உள்ளே ஒரு குழந்தை அழுதது. எங்கள் மூன்று பேரில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. குழந்தை அழுதால் குழந்தை பிழைத்தது என்றுதான் அர்த்தம். அவள்?

கதவு திறந்தது. கன்னியாகுமரிப் பக்கத்து நர்ஸ் பெண் ஒருத்தி துணியில் சுற்றிய குழந்தையோடு வந்தாள். "பெண் குழந்தை! யார் வாங்குறீங்க?"

மாதம்மா குழந்தையைப் பார்க்கவே இல்லை. நர்ஸின் தோளுக்கு மேலாக, கதவுக்குள் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"நன் மகளு ஹேகிதாளே?"

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. என் மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்கிறார் என்றேன். 

"அவங்களா? நல்லா இருக்காங்க மேடம். ரத்தம் அதிகமாப் போகல. பேசினாங்க. பசிக்குதுன்னாங்க."

மாதம்மாவுக்கு நான்தான் சொன்னேன், எனக்குத் தெரிந்த கொஞ்சம் கன்னடத்தில். "சென்னாகிதாளேம்மா. பசிக்குதாம்."

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. நானும் அழுதேன், சத்தம் போட்டே அழுதேன். எத்தனையோ பிரசவம் பார்த்தவள், எத்தனையோ பேரை அழக் கூடாது என்று அதட்டியவள். அன்றைக்கு ஒருத்தரும் என்னை அதட்டவில்லை.

மாதம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு குழந்தையை வாங்கினார். நெற்றியில் முத்தம் கொடுத்தார். திரும்பி, வராந்தாவின் சுவரோரம் நின்றவன் பக்கம் நடந்தார். என்னைக் கூப்பிடவில்லை, என் மூலமாக எதுவும் சொல்லவில்லை.

"கைய ஒழுங்கா நீட்டுப்பா" என்றார். "தலையப் புடிச்சு வாங்கணும்."